டி-சர்ட் என்பது கேஷுவலா? அலுவலக உடை விதிகள் எப்படி வேலை செய்கின்றன

2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் கட்சிச் சின்னம் பொறித்த டி-சர்ட்டோடு அரசு விழாக்களுக்கு வருகிறார், இது தமிழக அரசு ஊழியர்களுக்காக 2019-ல் வெளியான உடைக் கட்டுப்பாட்டு அரசாணைக்கு விரோதம் என்பது மனு. விசாரித்த அமர்வு இரண்டு கேள்விகளை எழுப்பியது. அரசியலமைப்புப் பதவியில் இருப்பவருக்கு அந்த அரசாணை பொருந்துமா? டி-சர்ட் என்பது 'கேஷுவல்' உடைக்குள் வருமா?

முதல் கேள்வியைச் சட்டம் படித்தவர்களிடம் விட்டுவிடலாம். இரண்டாவது கேள்வி வேலைக்குப் போகிற எல்லோருக்கும் உரியது. காலர் வைத்த டி-சர்ட் பரவாயில்லையா, லெக்கிங்ஸ் போட்டால் மேனேஜர் ஏதாவது சொல்வாரா, தாடியை எடுக்கச் சொன்னால் எடுத்தே ஆக வேண்டுமா என்று தினமும் காலையில் அலமாரியின் முன் நின்று யோசிப்பவர்கள் கேட்கும் அதே கேள்விதான். உயர் நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது என்றால், பதில் அந்த அரசாணையில் தெளிவாக எழுதப்படவில்லை என்று அர்த்தம். சிக்கல் தொடங்கும் இடமும் அதுதான்.

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்

'டிரஸ் கோட்' என்று பேச்சில் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே மூன்று வேறு சங்கதிகள் இருக்கின்றன.

1. சீருடை. காக்கி, நர்ஸ் உடை, துணிக்கடையில் எல்லாப் பெண்களும் கட்டும் ஒரே டிசைன் சேலை. எதை உடுத்துவது என்பதில் ஊழியருக்குத் தேர்வே இல்லை. அதனால் செலவும் பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில். மத்திய அரசு சீருடைப் பணியாளர்களுக்கு 2017 முதல் ஆண்டுக்கு ஒரே தொகையாக உடைப்படி தருகிறது. தொடங்கியபோது அது பதவிக்கேற்ப 5,000 ரூபாயிலிருந்து 20,000 வரை இருந்தது.

2. உடைக் கட்டுப்பாடு. எல்லை மட்டும் எழுதப்பட்டிருக்கும். அதற்குள் எதை உடுத்துவது என்பது ஊழியரின் விருப்பம். செலவும் அவருடையது.

3. வழக்கம். எங்கேயும் எழுதியிருக்காது. ஆனால் மீறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சட்டையை டக் இன் செய்யாமல் வருபவரை யாரும் கண்டிக்கமாட்டார்கள். வெளியூர் கிளையன்ட் வரும் மீட்டிங்குக்கு மட்டும் கூப்பிடமாட்டார்கள்.

சண்டையெல்லாம் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும் கலக்கும் இடத்தில்தான். எழுதாத வழக்கத்தை எழுதிய விதிபோலச் சொல்வது ஒரு பக்கம். எழுதிய விதியையே 'கண்ணியமான', 'நேர்த்தியான' என்று வழக்கத்தின் பாஷையில் எழுதி வைப்பது இன்னொரு பக்கம்.

2019 அரசாணையில் என்ன இருக்கிறது

அப்போது தலைமைச் செயலராக இருந்தவர் கிரிஜா வைத்தியநாதன். 2019 மே இறுதியில் வெளியான ஆணையின் சாரம் இவ்வளவுதான்:

1. பணி நேரத்தில் சுத்தமான, நேர்த்தியான, அலுவலகத்துக்குப் பொருத்தமான உடை வேண்டும்.
2. பெண்களுக்குச் சேலை, அல்லது துப்பட்டாவுடன் சல்வார் கமீஸ் அல்லது சுடிதார்.
3. ஆண்களுக்குச் சட்டையும் ஃபார்மல் பேன்ட்டும், அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி, அல்லது வேறு இந்தியப் பாரம்பரிய உடை.
4. கேஷுவல் உடையைத் தவிர்க்க வேண்டும்.
5. நீதிமன்றம், தீர்ப்பாயம் போன்ற இடங்களில் ஆஜராகும் ஆண்களுக்குக் கோட்டு. திறந்த கோட்டு என்றால் டையும் சேர்த்து. நிறங்கள் அடக்கமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, மூன்றாவது வரிகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று தட்டுப்படும். பெண்களின் பட்டியல் துப்பட்டா வரைக்கும் போய் முடிந்துவிடுகிறது. ஆண்களின் பட்டியல் 'ஏதாவது ஒரு இந்தியப் பாரம்பரிய உடை' என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நான்காவது வரியில் கேஷுவல் எது என்ற விளக்கமே இல்லை. ஐந்து வருடம் கழித்து நீதிமன்றம் கேட்ட கேள்வி இந்த ஓட்டையிலிருந்து வந்ததுதான்.

ஆனாலும் இந்த ஆணையைக் கட்டுப்பாடாக மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்தது போல. சேலைதான் கட்ட வேண்டும் என்ற எழுதாத விதி வெகுகாலம் புழங்கிய இடங்களில், சுடிதாரும் போடலாம் என்று காகிதத்தில் இருப்பது ஒரு பிடிமானம். எதிரில் இருப்பவரிடம் ஆணையை நீட்டிக் காட்டலாம். எழுதிய விதி சில சமயம் எழுதாத விதியிடமிருந்து காப்பாற்றும்.

இதற்கு நேர்மாறாக நடந்தது இலங்கையில், அதுவும் அதே 2019 மே இறுதியில். ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்தைய பதற்றத்தில், பொது நிர்வாக அமைச்சு அரச ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. பெண்கள் சேலை அல்லது கண்டியச் சேலையில்தான் வேலைக்கு வர வேண்டும் என்றது. அபாயா அணியும் முஸ்லிம் பெண்களுக்கு ஒரே வரியில் கதவு அடைபட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், முகம் தெரியும்படி இருந்தால் மத வழக்கப்படியான உடைக்கும் இடமுண்டு என்று திருத்தினார்கள். 2022-ல் பொருளாதார நெருக்கடி வந்தபோது உடை விதி மேலும் தளர்ந்தது. கண்ணியம் என்று சொல்லப்பட்டது மூன்று ஆண்டுகளில் எத்தனை தரம் உருமாறியது பாருங்கள்.

காலருக்குப் பின்னால் இருக்கும் கதை

சரி, டி-சர்ட்டுக்கு வருவோம். பாப்ளின் சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், அசையாது. டி-சர்ட்டை இழுத்தால் நீளும், விட்டால் மறுபடி சுருங்கும். சட்டைத் துணி தறியில் பாவும் ஊடையுமாக நெய்தது. டி-சர்ட் துணி ஒரே நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. திருப்பூர்க்காரர்கள் இதைப் பின்னலாடை என்பார்கள். ஊர்ப் பேச்சில் அவை இன்னும் 'பனியன் கம்பெனி'கள்தான், ஏற்றுமதி ஆகிறது என்னவோ ஐரோப்பிய பிராண்டுகளுக்கு.

அந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது. டி-சர்ட் பிறந்தது உள்ளாடையாக. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை வீரர்களுக்குச் சீருடைக்குள் போட்டுக்கொள்ளக் கொடுத்த பனியன் அது. சட்டைக்குள் இருக்க வேண்டியது வெளியே தெரிவதால்தான் முந்தைய தலைமுறைக்கு அது 'பாதி உடை'. காலரும் மேலே இரண்டு பட்டனும் வைத்துத் தைத்தால் அது சட்டையின் சாயலுக்கு வருகிறது. அதனால்தான் பல அலுவலகங்களில் காலர் டி-சர்ட்டுக்கு அனுமதி உண்டு, ரவுண்ட் நெக்குக்கு இல்லை. இரண்டும் பெரும்பாலும் ஒரே பருத்தி நூலில், ஒரே ஊரில் தயாரானவை. நடுவில் நிற்பது காலர் என்ற ஒரு துண்டுத் துணி மட்டும்.

ஜீன்ஸும் அப்படித்தான். அது அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளிகளின் உடையாகத் தொடங்கியது. துணியில் குறை ஒன்றும் கிடையாது. உழைப்பாளியின் உடை என்ற பழைய முத்திரைதான் இன்னும் தேயவில்லை. 2020 டிசம்பரில் மகாராஷ்டிர அரசு தன் ஊழியர்களுக்கு ஜீன்ஸ், டி-சர்ட் இரண்டையும் தடுத்தது. சில மாதங்களிலேயே ஜீன்ஸுக்கான தடையை விலக்கிக்கொண்டது. டி-சர்ட்டுக்கு அப்படியே வைத்திருந்தது. எந்த அளவுகோலால் ஒன்று உள்ளே வந்தது, இன்னொன்று வெளியே நின்றது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

காரணம் சொல்ல முடிந்தால் நல்ல விதி

உடை விதி எல்லாமே அந்தஸ்துக் கணக்கு என்று சொல்லிவிட முடியாது. சில விதிகள் உயிரைக் காக்கின்றன. ஓடும் இயந்திரத்தை அருகில் போய்ப் பரிசோதிப்பவரும் எண்ணெய் போடுபவரும் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அந்த உடையை ஆலை நிர்வாகமே தர வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. ஓடும் பெல்ட்டில் துப்பட்டாவின் நுனி மாட்டினால் யோசிக்க நேரம் இருக்காது. உணவைக் கையாளுபவர் நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், தலைமுடியை மூட வேண்டும், வளையல் மோதிரம் கூடாது என்பதும் இதே வகை.

மருத்துவமனையில் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. நீளக் கை வைத்த வெள்ளைக் கோட்டு மருத்துவரின் அடையாளம், மரியாதை. அவர் குனிந்து நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது அந்தக் கையின் விளிம்பு போர்வையில் உரசுகிறது. அடுத்த கட்டிலில் இன்னொரு போர்வை. கையைக் கழுவுகிறார், கோட்டின் கையைக் கழுவுவதில்லை. இதைக் கருதித்தான் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை 2007-ல் 'முழங்கைக்குக் கீழே ஒன்றும் வேண்டாம்' என்றது. அரைக்கைச் சட்டை, கைக்கடிகாரம் கூடாது, வார்டில் வெள்ளைக் கோட்டும் வேண்டாம். மரியாதையும் சுகாதாரமும் மோதியபோது அங்கே சுகாதாரம் ஜெயித்தது.

2023-ல் ஹரியானா அரசு தன் மருத்துவமனை ஊழியர்களுக்குக் கொண்டுவந்த பட்டியலில் நல்லதும் வீணானதும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. நீளமான நகம் கூடாது என்றது. கிருமி தங்கும், சரி. கனமான நகை கூடாது என்றது, அதுவும் சரி. ஜீன்ஸ் கூடாது, மேக்கப் கூடாது, ஆண்களின் முடி காலருக்குக் கீழே இறங்கக் கூடாது என்றும் போனது. இவற்றுக்கும் நோயாளியின் நலனுக்கும் என்ன தொடர்பு? முதல் இரண்டு விதிகளின் நியாயத்தை மற்ற மூன்றும் ஓசியில் எடுத்துக்கொண்டன. எந்த அலுவலகச் சுற்றறிக்கை வந்தாலும் இந்தக் கலப்படத்தைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

தாடி வழக்குகள் இரண்டு

உடையை மாலையில் கழற்றி வைத்துவிடலாம். முடி, தாடி, மீசை வீட்டுக்கும் கூடவே வரும். அதனால் இந்த விதிகள் வேலை நேரத்தைத் தாண்டி உடம்பையே தொடுகின்றன.

இந்திய விமானப்படையில் பணியாற்றிய முஸ்லிம் வீரர் ஒருவர் தாடி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 டிசம்பரில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. முடியை வெட்டுவதையும் சவரம் செய்வதையும் மதமே விலக்கியிருப்பவர்களுக்குத்தான் விமானப்படை விதியில் விலக்கு உண்டு. அவர் அந்த வரம்புக்குள் வரவில்லை. படைக்குச் சீரான தோற்றம் தேவை என்பது நீதிமன்றத்தின் நிலை.

2024 ஜூலையில் மதுரைக் கிளை வேறொரு வழக்கைத் தீர்த்தது. மெக்கா யாத்திரை போய்த் திரும்பிய போலீஸ்காரர் ஒருவர் தாடி வைத்திருந்ததற்காகத் தண்டனைக்கு ஆளாகி, ஊதிய உயர்வை இழந்திருந்தார். 1957-ஆம் ஆண்டின் மெட்ராஸ் போலீஸ் கெசட் முஸ்லிம் காவலர்கள் தாடி வைக்க இடம் தருகிறது என்பதை நீதிபதி எல். விக்டோரியா கௌரி சுட்டிக்காட்டித் தண்டனையை ரத்து செய்தார்.

ஒருவர் தோற்றார், ஒருவர் வென்றார். மேலோட்டமாகப் பார்த்தால் முரண்போலத் தெரியும். இரண்டிலும் நீதிமன்றம் முதலில் தேடியது ஒன்றைத்தான்: அந்தப் படையின் விதியில் எழுதியிருப்பது என்ன? எப்போதோ அச்சிட்ட ஒரு பழைய கெசட், 67 வருடம் கழித்து ஒருவரின் சம்பள உயர்வைக் காப்பாற்றியிருக்கிறது.

மேலே இருப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது

விதி மங்கலாக இருந்தால் முடிவு நாற்காலியைப் பொறுத்தது. 2022-ல் பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஆஜரான மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் கோட்டு போடாமல், வெள்ளைச் சட்டையின் மேல் பட்டன் திறந்தபடி நின்றார். 'சினிமா தியேட்டருக்கு வந்திருக்கிறீர்களா' என்கிற தொனியில் நீதிபதி கடிந்துகொண்ட வீடியோ நாடெங்கும் பரவியது. கோடையில் கோட்டு கட்டாயம் என்று எங்கும் இல்லையே என்றார் அதிகாரி.

அந்த வழக்கோடு நேரடித் தொடர்பு இல்லாத வேறொரு விசாரணையில், 2024 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் அரசு அதிகாரிகளை வரவழைப்பது பற்றி நடைமுறை வகுத்தது. அதில் ஒரு வரி: அதிகாரியின் அலுவலகத்துக்கு என்று வகுத்த உடை விதியை அவர் மீறியிருந்தால் தவிர, அவருடைய உடையைப் பற்றி நீதிமன்றங்கள் கருத்துச் சொல்லக் கூடாது. அலுவலக மேனேஜர்களும் அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளத் தகுந்த வரி.

அதற்கும் பத்து வருடம் முன்னால், 2014 ஜூலையில், சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. சட்டமன்றம் வரை கொதித்தது. அடுத்த மாதமே பொது இடங்களில் நுழைய உடையைக் காரணம் காட்டித் தடுப்பதை விலக்கும் சட்டம் நிறைவேறியது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். 2019 அரசாணையில் வரும் 'தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி' என்ற தொடர் ஏறக்குறைய இந்தச் சட்டத்தின் சொற்கள்தான்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. 2014 சட்டம் நுழைவைப் பற்றியது. பணி நிபந்தனையைப் பற்றியது அல்ல. தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர் அதைக் காட்டி 'நாளை முதல் வேட்டியில்தான் வருவேன்' என்று வாதாட முடியாது.

சென்னை மே மாதத்தில் கோட்டு

உடைக்கு வெப்ப அலகு ஒன்று இருக்கிறது: 'க்ளோ'. 1941-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்தது. காற்றோட்டம் அதிகமில்லாத அறையில், 21 டிகிரியில், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கத் தேவையான உடை 1 க்ளோ. நடைமுறையில் அது ஒரு முழு சூட்டு. வேறு மாதிரி சொன்னால், சூட்டு என்பது 21 டிகிரிக்குத் தைத்த உடை. அதை இங்கே போட்டால் அறையைத்தான் 21-க்கு இறக்க வேண்டும். பக்கத்து மேசையில் காட்டன் சுடிதாரில் இருப்பவர் ஸ்வெட்டரைத் தேடுவார். அலுவலகக் குளிர்நிலைக் கணக்குகள் சுமார் 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆணின் உடல்வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை என்று 2015-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. ஏசி ரிமோட்டுக்காக நடக்கும் தினசரிச் சண்டையின் வேர் கொஞ்சம் இதிலும் இருக்கிறது.

ஜப்பான் 2005-ல் இதைத் தலைகீழாகச் செய்தது. கோடையில் ஏசியை 28 டிகிரிக்கு ஏற்றிவிட்டு, டையையும் கோட்டையும் கழற்றச் சொன்னது அரசே. இங்கே வழக்கறிஞர்களுக்குச் சிறு சலுகை உண்டு: உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர மற்ற இடங்களில் கோடையில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. 2020-ல் கோவிட் வந்து காணொளி விசாரணை தொடங்கியதும் உச்ச நீதிமன்றத்திலேயே கோட்டும் அங்கியும் போய், வெள்ளை உடையும் கழுத்துப் பட்டையும் போதும் என்றானது. விசாரணை எதுவும் அதனால் நின்றுவிடவில்லை.

இஸ்திரிக்கும் இதே கேள்வி வந்திருக்கிறது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம், அதாவது சி.எஸ்.ஐ.ஆர்., 2024 மே மாதம் தன் ஊழியர்களைத் திங்கட்கிழமைகளில் இஸ்திரி போடாத துணியில் வரச் சொன்னது. ஒரு செட் துணியைத் தேய்த்தால் சுமார் 200 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பது அந்த இயக்கத்தின் கணக்கு. மற்ற அலுவலகங்களில் 'கசங்கிய சட்டையோடு வந்தான்' என்பது இன்னும் புகார்தான்.

மெமோ கைக்கு வந்தால்

தனியார் நிறுவனம் உடை விதி வைக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நினைத்தபடியெல்லாம் தண்டிக்க முடியாது. மெமோ வந்தால் இந்த வரிசையில் பார்ப்பது நல்லது:

1. விதி எழுத்தில் இருக்கிறதா? நியமன ஆணையிலோ, நிறுவனத்தின் பணி விதிகளான நிலையாணையிலோ, பணியாளர் கையேட்டிலோ இருக்க வேண்டும். 'எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்பது விதி ஆகாது.

2. எழுதியிருப்பது எதைச் சொல்கிறது? 'ரவுண்ட் நெக் கூடாது' என்றால் வாதாட ஒன்றுமில்லை. 'பொருத்தமான உடை' என்றால், எது பொருந்தவில்லை என்று எழுத்தில் கேட்கலாம். பணிவாகக் கேட்டால் போதும். பாதி மெமோக்களுக்கு அதற்கு மேல் பதில் வராது.

3. ஒரே விதி எல்லோருக்கும் நடக்கிறதா? ஆண்களின் ஜீன்ஸைப் பார்க்காத கண் பெண்களின் லெக்கிங்ஸை மட்டும் பார்த்தால், அந்தத் தேதிகளைக் குறித்து வையுங்கள்.

4. சம்பளத்தில் கை வைத்தார்களா? 1936 ஊதியப் பட்டுவாடாச் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டமும் இதில் ஒரே பேச்சுதான். எந்தக் குற்றத்துக்கு அபராதம் என்று முன்கூட்டியே அரசின் ஒப்புதலோடு அறிவித்திருக்க வேண்டும். ஊழியரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 450 ரூபாய்தான் உச்சம். ஷூ போடாததற்கு ஒரு நாள் சம்பளம் கட் என்று சூப்பர்வைசர் நோட்டில் எழுதினால், அது 500 ரூபாய் ஆகிவிடும்; வரம்பு அங்கேயே தாண்டியாயிற்று.